நீலத் தெரு, சிவப்புத் தெரு

விமான நிலையத்தின் அடித்தளத்தில்
ஒரே எண்ணில் இரண்டு ரயில்கள்.
பிராங்பர்ட் நகருக்குப் போவது ஒன்று.
நான் ஏறியது மற்றது.

கண்ணாடிக் கோபுரங்கள் எப்போது வரும் என்று
ஜன்னலில் தேடிக்கொண்டே இருந்தேன்.
வந்தவை சரக்குப் பெட்டிகள்,
முட்டைக்கோஸ் வயல்,
ஒரு கொட்டகையின் மேல் சாய்ந்து கிடந்த சூரியத் தகடுகள்.

எதிரில் ஒருத்தி,
மடியில் காலி முட்டை அட்டைகளை அடுக்கிப் பிடித்திருந்தாள்.
"பிராங்பர்ட்?" என்றேன்.
கட்டைவிரலால் தன் தோளுக்குப் பின்னால் காட்டினாள்.
இரக்கம் இல்லை, கேலியும் இல்லை,
மழை தூறுகிறது என்று சொல்வதுபோல.

இறங்கித் திரும்பியிருக்கலாம்.
மாலை ஆறுக்குத்தான் அடுத்த விமானம்.
ஆனால் அதற்குள் ரைன் வந்துவிட்டது.
பாலத்தின் இரும்புச் சட்டங்கள்
ஆற்றைத் துண்டு துண்டாய் நறுக்கி
ஒவ்வொன்றாய் என் முன் வீசிக்கொண்டே வந்தன.
எதை எடுப்பது, எதை விடுவது.

மைன்ஸ்.
அவளோடுதான் இறங்கினேன்.
கெசீனே என்று பெயர். பல் மருத்துவமனையில் கணக்கு எழுதுகிறாளாம்.
தெருமுனையில் நின்று
அன்னாந்து பார்க்கச் சொன்னாள்:
பெயர்ப் பலகைகள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.
"சிவப்பு ஆற்றுக்குப் போகும்.
நீலம் ஆற்றோடு போகும்.
இந்த ஊரில் தொலைந்துபோக முடியாது."
அரைகுறை ஆங்கிலத்தில் அவள் சொன்னதை
நான் கேட்டது இப்படித்தான்.
முட்டை வாங்கப் போய்விட்டாள்.

ஆற்றுக்கு. ஆற்றோடு.
ஒரு ஊரையே
இரண்டு வேற்றுமை உருபுகளால் கட்டி வைத்திருக்கிறார்கள்!
யாரிடம் சொல்ல.
ஆற்றோடு போனதென்றால்
என் மொழியில் அது திரும்பி வராதது
என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

தொலைந்துபோக முயன்றேன்.
நீலத்தில் நடந்து, நீலத்திலேயே திரும்பி,
ஒரு சைக்கிள் கடை, ஒரு சவ அடக்க நிலையம்,
வாசலில் செருப்புக் காயப்போட்ட வீடு.
அலுவலகத்துக்கு நான் விமானத்தில் இருக்கிறேன்.
விமானத்துக்கு நான் இன்னும் ஏறாத பயணி.
சட்டைப்பையில் கைப்பேசி
யாரையோ தேடி இரண்டுமுறை அதிர்ந்தது.
ஒரு சிவப்புப் பலகை வந்தது.
கால் தானாகத் திரும்பிற்று.

சிவந்த கல்லில் எழுந்த பேராலயத்தின் நிழலில் சந்தை.
காலை பதினோரு மணிக்கு
மொத்த ஊரும் கையில் ஒயின் கோப்பையோடு நிற்கிறது,
தேவாலய மணி அடித்தால் பேச்சைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்கிறது.
தீயணைப்புச் சட்டை போட்ட ஒருவன் நகர்ந்து
நீளமேசையில் எனக்கு ஒரு முழங்கை அளவு இடம் விட்டான்.
எந்த ஊர் என்று கேட்கவில்லை.
உப்பு இருக்கிறதா என்று கேட்டான்.
எடுத்துக் கொடுத்தேன்.
ஏழு மணி நேரத்தில்
இந்த நகரத்துக்கு நான் செய்த வேலை அது ஒன்றுதான்.

ஆற்றங்கரையில் கொஞ்சம் தூங்கிவிட்டேன்.
நிலக்கரிப் படகு ஒன்று எழுப்பியது.
அதன் பின்தளத்தில் துணிக்கொடி,
குட்டிக் காற்சட்டைகள், ஒரு கார்.
ஒரு குடும்பம் வீட்டோடு போய்க்கொண்டிருந்தது.

நிலையத்தில் கெசீனே மறுபடி.
இப்போது அட்டைகள் நிறைந்திருந்தன.
"தொலைந்தாயா?"
"இல்லை."
சரி என்பதுபோல்
அவித்துச் சாயமிட்ட முட்டை ஒன்றைக் கையில் வைத்தாள்.
சிவப்பில்லை, நீலமில்லை. மஞ்சள்.

பாதுகாப்புச் சோதனையில்
பெல்ட்டுக்கும் கணினிக்கும் நடுவில்
தட்டில் உருண்டது அது.
அதிகாரி திரையை நிறுத்தினான்.
பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டான்.
இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"முட்டையா?"
"முட்டைதான்."

கடவுச்சீட்டில் ஒரே தேதியில்
வந்ததற்கு ஒன்று, போவதற்கு ஒன்று.
வாயில் எண் பி நாற்பத்திரண்டுக்கு
தரை நகர்ந்துகொண்டிருந்தது.
மேலே பலகைகள் எல்லாம் ஒரே நிறம்.
நின்றபடியே முட்டையை உரித்தேன்.
உப்பு இல்லை.